குரல் ஓர் அமானிதம்

மாந்தர்க்கு வாய்த்த பேறுகளுள் தலையாயது பேச்சு. அப்பேச்சை அளந்து பேசவும் பிறர் பேச்சை அமைந்து கேட்கவும் பழக்குவதே கல்வியின் முதற்பணி என நம் முன்னோர் கருதினர். திருவள்ளுவர் 'சொல்வன்மை'க்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அது 65ஆம் அதிகாரம். அதற்கு நெடுந்தொலைவு முன்னரே, 42ஆம் அதிகாரமாகக் 'கேள்வி'யை வைத்தார். கேட்கக் கற்றவனே பின்னர்ச் சொல்லத் தகுதி பெறுகிறான் என்று இவ்வரிசைக்குப் பொருள் கொள்வது பிழையாகாது. அறத்துப்பாலிலோ 'புறங்கூறாமை', 'பயனில சொல்லாமை' ஆகிய இரண்டையும் 19, 20 என அடுத்தடுத்து நிறுத்தினார். பேச்சால் விளையும் நன்மை தீமைகளைத் தமிழர் எத்துணை நுணுகி எண்ணினர் என்பதற்கு இதுவே சான்றாகும்.

அந்தப் பேச்சு இன்று புதியதோர் ஊர்தியில் ஏறிச் செல்கிறது. அதனைப் 'பாட்காஸ்ட்' என்கின்றனர். 'வலையொலி' எனத் தமிழில் வழங்குவாரும் உளர். இக்கல்லூரியின் தமிழ்த்துறையில் ஒரே வகுப்பில் பயின்ற நாங்கள் இருவர், சில ஆண்டுகளாக இத்தகைய உரையாடல் ஒன்றைப் பொழுதுபோக்காக நடத்தி வருகிறோம். மலருக்குக் கட்டுரை வேண்டும் எனப் பேராசிரியர் பணித்தபோது, எங்கள் வெற்றிகளைக் கூற எங்களிடம் மிகுதியாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பிழையிலிருந்து நாங்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. பொழுதுபோக்கிற்காகப் பேசுகிறோம் என்பதனால் பொறுப்பு குறைந்துவிடாது. பிறர் குரலைப் பதிவு செய்பவர் அதனை அமானிதமாகக் காக்கக் கடமைப்பட்டவர். இதுவே எங்கள் கருத்து. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதிய பெயர், பழைய ஆசை

'பாட்காஸ்ட்' என்னும் சொல் 2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளேட்டில் பென் ஹாமர்ஸ்லி என்பார் எழுதிய கட்டுரையொன்றில் முதலில் தோன்றிற்று. 2001இல் வெளிவந்த 'ஐபாட்' என்னும் இசைக் கருவியின் பெயரும், ஒலிபரப்பைக் குறிக்கும் 'பிராட்காஸ்ட்' என்னும் சொல்லும் இணைந்து பிறந்த சொல் அது. வானொலி குறித்த நேரத்தில் ஒலிக்கும். கேட்பவர் அந்நேரத்தில் காத்திருக்க வேண்டும். வலையொலியோ பதிவாகிக் காத்திருக்கும். கேட்பவர் தமக்கு வாய்த்த நேரத்தில் கேட்பார். தலைகீழான இம்மாற்றமே இதன் தனித்தன்மை.

இதில் பல வகைகள் உண்டு. நூல்களைப் படித்தளிப்பது ஒரு வகை. தீபிகா அருணின் 'கதை ஓசை' அவ்வழியில் தமிழ்ப் புனைகதைகளை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. செய்தியை விளக்குவது மற்றொரு வகை. இருவர் அமர்ந்து பேச, இடையிடையே மூன்றாமவர் ஒருவர் வந்து கலந்துகொள்வது உரையாடல் வகை. எங்களுடையது இவ்வகையே. திண்ணையில் அமர்ந்து பேசியதைத் திசையெங்கும் கேட்கச் செய்வது எனச் சுருங்கக் கூறலாம்.

ஆர்வத்தால் மட்டுமே குரலைக் காற்றில் ஏற்றிய வரலாறு சென்னை மண்ணுக்குப் புதிதன்று. 1924ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் கூடிச் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினர். அவ்வாண்டு ஜூலை இறுதியில் அதன் ஒலிபரப்பு தொடங்கிற்று. அரசின் துறையன்று, ஆர்வலர்களின் சங்கம். பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அக்கழகம் ஓய்ந்தது. ஆயினும் அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாள் ஒலிபரப்பைத் தொடர்ந்து நடத்தத் தொடங்கியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழுந்தது. சிலரின் பொழுதுபோக்கு ஒரு நகரின் பழக்கமாயிற்று.

அதன்பின் நெடுங்காலம் ஒலிபரப்பு அரசின் கையிலேயே இருந்தது. வானலைகள் பொதுமக்களின் உடைமை என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 'அண்ணா எப்.எம்.' தொடங்கப்பட்டது, இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுவே. எனினும் சமுதாய வானொலிக்கு உரிமம் வேண்டும், அலைவரிசை வேண்டும், கருவிக்கூடம் வேண்டும், விதிகள் பலவற்றுக்குக் கட்டுப்பட வேண்டும்.

வலையொலிக்கு இவை ஒன்றும் வேண்டா. கைப்பேசியும் இணைய இணைப்பும் போதும். 2016க்குப் பின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்ததும், பேசவும் கேட்கவும் எவர்க்கும் தடையில்லாத நிலை வந்தது. இது பெருநன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். வாயிலில் காவலர் இல்லாத வீட்டில், வீட்டுக்காரரே காவலர். ஆசிரியர் குழுவும் இல்லை, தணிக்கையும் இல்லை என்னும் இடத்தில், அவ்விரண்டு பணிகளையும் பேசுபவரே தம் தோளில் ஏற்க வேண்டும்.

பேசின் ஒரு பாலம்

எங்களுள் ஒருவர் திருவள்ளூரில் வசிக்கும் பள்ளி ஆசிரியர். மற்றவர் பழவேற்காட்டில் பிறந்து, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்புப் பணியில் இருப்பவர். இரண்டும் ஒரே மாவட்டமாயினும் இருவேறு இரயில் பாதைகளில் அமைந்தவை. திருவள்ளூர்ப் பாதை மேற்கே செல்லும். கும்மிடிப்பூண்டிப் பாதை எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாக வடக்கே செல்லும். இரண்டும் கூடுமிடம் பேசின் பிரிட்ஜ் நிலையம். ஞாயிறுதோறும் நாங்கள் சந்தித்த இடமும் அதுவே. 'பேசின், அது பாலம்' என நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

தொடக்கத்தில் எங்களிடம் இருந்தவை இரண்டு கைப்பேசிகளும், சட்டையில் செருகும் சிறிய ஒலிவாங்கிகள் இரண்டும் மட்டுமே. ஒருவர் குரலை ஒரு கைப்பேசியிலும் மற்றவர் குரலை மற்றொன்றிலும் தனித்தனியே பதிவு செய்வோம். தொடங்கும்போது ஒருமுறை கைதட்டுவோம். பின்னர்க் கணினியில் அவ்வோசையைக் குறியாகக் கொண்டு இரு பதிவுகளையும் பொருத்துவோம். 'அடாசிட்டி' என்னும் இலவச மென்பொருள் அதற்குப் போதுமானதாக இருந்தது. மின்விசிறியை நிறுத்தினால் வியர்க்கும்; நிறுத்தாவிடில் இரையும். சுவரில் பட்டு ஒலி எதிரொலிக்காதிருக்க, துவைத்த போர்வைகளைக் கொடியில் தொங்கவிட்டு அவற்றின் நடுவே அமர்ந்து பேசினோம். வீட்டுப் பெண்மக்கள் சிரித்தனர், தேநீரும் தந்தனர்.

முதற்பதிவுகளை இன்று கேட்கையில் நாணம் மேலிடுகிறது. விருந்தினர் ஒரு சொல் சொல்லத் தொடங்குமுன் நாங்கள் பத்துச் சொல் சொல்லியிருந்தோம். எங்களுக்குள் மட்டுமே விளங்கும் வகுப்பறை நகைச்சுவைகளைச் சொல்லி நாங்களே நகைத்திருந்தோம். இரு நண்பர் பேசும்போது நேரும் குறை இது: நட்பின் இன்பம் தங்களுக்கு இனிப்பதால், அது கேட்பவர்க்கும் இனிக்கும் என்று நம்பிவிடுகின்றனர். வாசலில் நிற்கும் மூன்றாமவரை உள்ளே அழைத்து உட்கார இடம் கொடுக்கத் தெரிந்தால்தான் அது உரையாடல். இல்லாவிடில் அது வெறும் அரட்டை.

இதனை எங்களுக்குக் கற்பித்தவர்கள் அமெரிக்காவின் இரு பொறிவல்லுநர்கள். பாஸ்டன் நகரின் உள்ளூர் வானொலி நிலையம் ஒன்று 1977இல் கார் பழுது பார்ப்போர் சிலரை அழைத்ததாம். வந்தவர் டாம் மாக்லியோஸி ஒருவர் மட்டுமே. அடுத்த முறை அவர் தம்பி ரேயையும் உடனழைத்து வந்தார். உடன்பிறந்தார் இருவரும் ஊதியமின்றித் தொடங்கிய அந்தப் பேச்சு 'கார் டாக்' என்னும் பெயருடன் 1987 முதல் நாடெங்கும் ஒலித்தது. 2012 வரை புதிய நிகழ்ச்சிகள் வந்தன. எஞ்சின் ஓசையை வாயால் செய்து காட்டிக் கேள்வி கேட்கும் பொதுமக்களோடு சிரித்துப் பேசியே அவர்கள் பழுதைக் கண்டறிந்தனர். அந்நிகழ்ச்சியில் எங்களைக் கவர்ந்த பகுதி ஒன்று உண்டு. முன்பு அறிவுரை பெற்றவரையே மீண்டும் அழைத்து, 'நாங்கள் சொன்னது சரியாக இருந்ததா, தவறாயிற்றா?' என்று அனைவர் முன்னிலையிலும் கேட்பர். தவறென்றால் அதையும் சிரித்தே ஏற்பர். பேசியதன் விளைவு என்னவாயிற்று எனத் திரும்பிச் சென்று கேட்கும் அப்பண்பு எங்களிடம் இருந்திருக்குமாயின், பின்வரும் நிகழ்ச்சி வேறாக முடிந்திருக்கலாம்.

நேர்ந்த பிழை

கும்மிடிப்பூண்டி வட்டாரம் உரையாடலுக்கு வற்றாத ஊற்று. சிப்காட் தொழில் வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் இரவும் பகலும் இயங்குகின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் கடைத்தெருவில் தமிழும் இந்தியும் கலந்து பேரம் பேசுகின்றனர். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். ஆகவே தெலுங்கும் அவ்வீதிகளுக்கு அந்நியமன்று. ஈழத்தமிழர் முகாமும் அங்குண்டு. இத்தனை குரல்கள் இருக்க, எங்கள் இருவர் குரலையே ஏன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று எண்ணினோம். உழைப்பவர்களை அழைத்துப் பேசத் தொடங்கினோம்.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர், கவரைப்பேட்டைப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளர்; இளைஞர். எங்களுள் ஒருவரை 'பாய்' என்றும் மற்றவரை 'சார்' என்றும் அழைத்துக் கூச்சத்துடன் தொடங்கினார். கால்மணி நேரத்தில் கூச்சம் அகன்றது. உலைக்கருகில் நின்று பன்னிரண்டு மணி நேரம் உழைப்பது எப்படி இருக்கும், இரவுப் பணி முடித்து வீடு திரும்பினால் பகலில் ஏன் உறக்கம் வருவதில்லை, கையுறை கிழிந்தால் மாற்று எத்தனை நாள் கழித்துக் கிடைக்கும் என்றெல்லாம் உள்ளதை உள்ளவாறு கூறினார். எங்கள் பதிவுகளிலேயே உயிருள்ள பேச்சு அதுவே என மகிழ்ந்தோம். அவர் பெயரையோ ஆலையின் பெயரையோ நாங்கள் வெளியிடவில்லை. எச்சரிக்கையாக நடந்துகொண்டோம் என்றே நம்பினோம்.

அவ்வாரமே அப்பதிவின் இரண்டு நிமிடப் பகுதியை எவரோ வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினர். அது கைமாறிக் கைமாறி, சேரக்கூடாத இடத்தைச் சேர்ந்தது. மறுவாரம் அவ்விளைஞரை 'இனி வர வேண்டாம்' என்று ஒப்பந்ததாரர் கூறிவிட்டார். காரணம் எழுத்தில் இல்லை. கேட்டால் 'ஆள் அதிகம்' என்பதே விடை.

செய்தி அறிந்து அவர் வீட்டிற்குச் சென்றோம். அவர் சினந்திருந்தால் எங்கள் மனம் சற்று ஆறியிருக்கும். சினக்கவில்லை. தேநீர் கொடுத்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "பாய், நீங்க பேரைச் சொல்லல, சரிதான். ஆனா என் குரலை எங்கம்மா இருட்டுலயும் கண்டுபிடிச்சிடுவாங்க. தினமும் கூடவே நிக்கிற சூப்பர்வைசருக்குத் தெரியாதா?"

எங்களிடம் விடை இல்லை. அன்று இரவே அப்பதிவை நீக்கினோம். நீக்கியும் பயனில்லை. வலையொலியின் இயல்பை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தோம். நாம் ஒலிக்கோப்பை ஓரிடத்தில் ஏற்றுகிறோம். கேட்பவரின் செயலி அதைத் தன் கருவிக்குள் இறக்கிக்கொள்கிறது. ஏற்றிய இடத்தில் அழித்தாலும் இறங்கிய இடங்களில் அது அழிவதில்லை. துண்டாக வெட்டப்பட்டுப் பரவியதோ எவர் கட்டுப்பாட்டிலும் இல்லை. வில்லை விட்ட அம்பையும் வாயை விட்ட சொல்லையும் திரும்பப் பெற முடியாது என்பர். இச்சொல்லோ எங்கள் வாயை விட்டதன்று, பிறர் வாய்ச்சொல். அதனைத் தொடுத்த வில் எங்களுடையது.

அமானிதம் என்னும் சொல்

நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் சொல் 'அமானிதம்'. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பது அதன் கருத்து. ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்லும் நகையும் பத்திரமும் அமானிதம். அதனைப் பெற்றவர் தம் பொருளினும் மேலாகக் காப்பார். விருந்தினர்க்குக் காட்டி மகிழார். கேட்ட பொழுதில் குறையாமல் திருப்புவார். குரலும் இத்தகையதே என்பது நம் துணிபு.

1877இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கும் வரை, ஒருவர் பேசி முடித்த குரல் மீண்டும் ஒலித்ததில்லை. பேசுபவர் தம் முன் இருப்பவர் யார் என்பதை அறிந்தே பேசினார்; அவைக்கேற்பச் சொல்லைக் கூட்டினார், குறைத்தார். பதிவு செய்யப்பட்ட குரலுக்கு அக்காப்பு இல்லை. அவ்விளைஞர் எங்கள் இருவரிடம் பேசினார், கேட்டதோ ஊர். அவர் அறிந்த அவை வேறு. நாங்கள் அவரை நிறுத்திய அவை வேறு. 'அவையறிதல்' பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிய நாங்கள், பிறர்க்கு அவர் நிற்கும் அவையை அறிவிக்கத் தவறினோம்.

ஆகவே சில நெறிகளை எங்களுக்கு நாங்களே வகுத்துக்கொண்டோம். முதலாவது, பதிவுக்கு முன்னரே, இதை யார் யார் கேட்கக்கூடும் என்பதை விளக்குவது. 'பேசலாமா?' என்று கேட்டுப் பெறும் இசைவு இசைவாகாது. 'உங்கள் மேலாளர் இதைக் கேட்டால் என்ன ஆகும்?' என்று கேட்டபின் பெறுவதே இசைவு. இரண்டாவது, வெளியிடும் முன் பேசியவரிடமே பதிவைத் தந்து முழுதும் கேட்கச் செய்வது. வேண்டாம் என்பதை வெட்டுவது. மூன்றாவது, பேசிய நாளுக்கும் வெளியிடும் நாளுக்கும் இடையே ஒரு வாரமேனும் விடுவது. உணர்ச்சி வேகத்தில் சொன்னதை ஆறிய மனத்துடன் எண்ணிப் பார்க்க அவர்க்கு அவகாசம் வேண்டும். நான்காவது, பெயரை மறைத்தால் போதும் என்று எண்ணாமை. ஊர், பணி நேரம், இயந்திரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெயரே தேவையில்லை. ஐந்தாவது, வெளியான பின்பும் அவரிடம் திரும்பிச் சென்று 'ஏதேனும் இடர் நேர்ந்ததா?' எனக் கேட்பது.

இரண்டு மறுப்புகள்

இக்கருத்தைக் கூறியபோது நண்பர்கள் இரண்டு மறுப்புகளை எழுப்பினர். அவற்றைத் தள்ளிவிட முடியாது.

'பொழுதுபோக்கிற்கு இத்தனை விதிகளா? ஒரு ரூபாய் வருவாயில்லை. இப்படிக் கட்டுப்படுத்தினால் எவன் தொடங்குவான்?' என்பது முதல் மறுப்பு. இதற்கு எங்கள் விடை எளிது. வருவாய்க்காக நடத்துபவர்க்கு வாரந்தோறும் வெளியிட்டாக வேண்டிய நெருக்கடி உண்டு. விளம்பரதாரர்க்கு விடை சொல்ல வேண்டும். பொழுதுபோக்கிற்காக நடத்தும் நமக்கோ அந்நெருக்கடி இல்லை. ஒரு வாரம் பதிவு வராவிட்டால் வானம் இடிந்துவிடாது. காத்திருக்கும் உரிமையே பொழுதுபோக்காளனின் செல்வம். அச்செல்வத்தைச் செலவிட்டுப் பிறர் நலம் காக்க அவன் தயங்கலாமா?

இரண்டாம் மறுப்பு கடினமானது. 'இப்படி அஞ்சினால் உழைப்பவர் துன்பம் ஒருநாளும் வெளிவராது. மௌனம் யாருக்கு நன்மை? கையுறை தராதவருக்கே நன்மை. உங்கள் நெறி நல்லதாகத் தோன்றினாலும் வாயடைப்பதாகவே முடியும்' என்றார் தொழிற்சங்க அனுபவமுடைய பெரியவர் ஒருவர். இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. இதனை எண்ணி நாங்கள் பலநாள் உறங்காதிருந்தோம். நாங்கள் எய்திய முடிவு இது: துன்பம் வெளிவரவே வேண்டும், ஆனால் அதன் விலையை யார் கொடுப்பது என்பதைத் துன்புறுபவரே முடிவு செய்ய வேண்டும். வேலையை இழந்தாலும் பேசுவேன் என்று தெரிந்தே பேசுபவரின் துணிவு போற்றத்தக்கது. அவர்க்கு ஒலிவாங்கியை நீட்டுவது கடமை. தெரியாமல் பேசியவரை விலை கொடுக்க வைப்பது துணிவன்று. அது நம் புகழுக்குப் பிறரை முதலாக்குவது. இடைவழியும் உண்டு. ஒருவர் கூறியதை அவர் இசைவுடன் எழுதி, அடையாளம் காட்டும் குறிப்புகளை நீக்கி, அதனை எங்கள் குரலிலேயே படிக்கிறோம். உயிர்ப்பு சற்றுக் குறைகிறது, உண்மை குறைவதில்லை. இப்பெரியவர் இன்றும் எங்களோடு முழுதும் உடன்படவில்லை. உடன்படாமலே எங்கள் உரையாடலுக்கு இருமுறை வந்து பேசியிருக்கிறார் என்பதைப் பெருமையுடன் குறிப்பிடுகிறோம்.

கல்லூரி செய்யத்தக்கது

மாணவச் செல்வங்களே! இக்கட்டுரையைப் படித்துவிட்டு, 'நமக்கேன் வம்பு?' என்று ஒதுங்கிவிடுவீராயின் எங்கள் நோக்கம் தோற்றதாகும். நீங்கள் தொடங்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். உங்களுள் பலர் மீஞ்சூரிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் நாள்தோறும் இரயிலேறி வருபவர்கள். உங்கள் பெட்டியில் அமர்ந்திருப்போர் பேச்சில் எத்தனை வட்டார வழக்குகள், எத்தனை தொழிற்சொற்கள்! பழவேற்காட்டில் பனையோலைக் கூடை பின்னும் தாய்மார் ஒவ்வொரு பின்னலுக்கும் என்ன பெயர் வைத்திருக்கின்றனர்? ஏரியில் வலைவீசும் மீனவர் நீரின் நிறத்தை எந்தச் சொல்லால் குறிக்கின்றனர்? இவை அகராதியில் ஏறுமுன்பே அச்சொற்களை ஆள்வோர் மறைந்துவிடக் கூடும். ஓர் ஒலிவாங்கியும் பொறுமையும் இருந்தால் அவற்றைக் காக்கலாம்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்த்துறையில் ஒலிப்பதிவுகளுக்கெனச் சிறியதொரு காப்பகம் அமையட்டும். பதிவுகளை அயலார் நிறுவனங்களின் தளங்களை மட்டும் நம்பி விடுதல் தகாது. கூகுள் போன்ற பெருநிறுவனமே தன் பாட்காஸ்ட் செயலியை 2024இல் மூடிவிட்டது. அழிய வேண்டியது அழியாமல் பரவுகிறது. நிலைக்க வேண்டியது நிலைக்காமல் மறைகிறது. இவ்விரு தீங்குகளுக்கும் மருந்து, பதிவின் மூலப்படியை நம்மிடமே வைத்திருப்பதும், பேசியவரின் இசைவை எழுத்தில் பெற்று அதனுடன் இணைத்து வைப்பதுமே ஆகும். பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி அளிப்பது போலவே கேட்கும் கலைக்கும் பயிற்சி அளித்தல் நலம். ஒரு மணி நேரம் ஒரு முதியவர் எதிரே குறுக்கிடாமல் அமர்ந்திருக்கத் தெரிந்த மாணவன், மேடையில் முழங்கும் மாணவனுக்கு எவ்வகையிலும் குறைந்தவனல்லன்.

சமுதாயப் பெரியோர்களே! பேரப்பிள்ளைகள் கைப்பேசியை நீட்டிப் 'பேசுங்கள்' என்று கேட்டால் மறுத்துவிடாதீர்கள். நீங்கள் பார்த்த வெள்ளமும் வறட்சியும், தொழிற்பேட்டை வருவதற்கு முன்பிருந்த வயலும் கழனியும், நீங்கள் சொன்னாலன்றி அவர்களுக்குத் தெரியாது. ஆனால் நீங்களும் ஒன்று கேளுங்கள்: 'இதை யாரிடம் போட்டுக்காட்டப் போகிறாய்?' அக்கேள்விக்கு நேர்மையான விடை வந்தபின் பேசுங்கள். அதுவே நீங்கள் அவர்களுக்குக் கற்பிக்கும் முதற்பாடமாக அமையும்.

நிறைவாக அவ்விளைஞரைப் பற்றி. இரண்டு மாதம் வேலையின்றி இருந்தார். அவ்விரண்டு மாதமும் எங்களால் இயன்றதைச் செய்தோம். அதனை விரித்துரைத்தல் முறையன்று. பின்னர் வேறோர் ஆலையில் பணி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சில வேளை எங்களைக் காண வருகிறார், பேசுகிறார், சிரிக்கிறார். ஒலிவாங்கியை எடுத்து உள்ளே வைத்த பின்னரே பேசத் தொடங்குகிறார். நாங்களும் வற்புறுத்துவதில்லை. எங்கள் தொகுப்பில் அவர் குரல் இன்று இல்லை. மூலப்பதிவையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். அமானிதம் உரியவரிடம் திரும்பிச் சேர்ந்தது. தாமதமாகவும் சேதமுற்றும் சேர்ந்ததே என்னும் வருத்தம் எங்களுக்கு உண்டு. இதைப் படிக்கும் இளைஞர்க்கு அவ்வருத்தம் நேராதிருக்கட்டும் என்னும் எண்ணத்துடனேயே இதனை எழுதினோம்.